நாண்மீன்களின் இனங்கள்: மலையக வானிலிருந்து ஒரு நோக்கு

பண்டைத் தமிழர் இரவு வானில் ஒளிர்வனவற்றை நாண்மீன், கோண்மீன் என இரண்டாகப் பகுத்தனர். ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாது நிற்பன போலத் தோன்றுபவை நாண்மீன்கள். அவற்றினூடே இடம்பெயர்ந்து செல்பவை கோண்மீன்கள். வெறுங்கண்ணின் துணைகொண்டு செய்யப்பட்ட இப்பகுப்பு அவ்வளவிற் சரியானதே. ஆயின், நாண்மீன்கள் யாவும் ஒரே இனத்தனவா, அவற்றுள்ளும் பேதங்கள் உளவா, உளவாயின் அவற்றை எவ்வாறு விவரிப்பது என்னும் வினாக்களுக்கு வெறுங்கண் தரக்கூடிய விடை மிகச் சிறிது. சில செம்மையாகவும் சில வெண்மையாகவும் சில நீலஞ்சார்ந்தும் தோன்றுகின்றன. சில பொலிவு மிக்கவை, சில மங்கியவை. இவ்வேறுபாடுகளை அளவுகளாக மாற்றி, அளவுகளிலிருந்து வகைகளைப் பெற்று, வகைகளிலிருந்து விண்மீன்களின் வாழ்க்கை வரலாற்றை அறிந்தமை கடந்த இருநூறு ஆண்டுகளின் அறிவியற் சாதனையாகும். அச்சாதனையிற் சென்னை, கல்கத்தா, கொடைக்கானல், காவலூர் ஆகிய இடங்களுக்கும் பங்குண்டு. அதனை மலையகத்து வாசகர் தமது தலைக்கு மேலுள்ள வானத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ள உதவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோக்கும் இடம்

நுவரெலியா வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. மத்தியகோட்டுக்கு அண்மையில் இருப்பதால், வானத்தின் தென்முனையைச் சூழ்ந்த ஏழு பாகை வட்டமொன்றைத் தவிர ஏனைய வானம் முழுவதும் ஓராண்டுக் காலத்தில் இங்கு அடிவானுக்கு மேல் வந்துசெல்கின்றது. இலண்டனிலோ பாரிசிலோ உள்ள ஆய்வாளர் தம் வாழ்நாள் முழுவதும் தம் ஊரிலிருந்து காணவியலாத தென்சிலுவையும் அகத்தியர் மீனும் ஹற்றனிலுள்ள ஒரு பாடசாலைச் சிறுவனுக்கு இயல்பான காட்சிகள். இரு பருவக்காற்றுகளும் மலைமூடுபனியும் ஆண்டின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன என்பது உண்மையே. எனினும் ஜனவரி முதல் மார்ச்சு வரையான காலத்திற் பல இரவுகள் தெளிவாக அமைகின்றன.

பெப்ரவரி பிற்பகுதியில் இரவு எட்டு மணியளவில் நுவரெலியாவில் நேர்மேலே நோக்குபவர் செந்நிறமான ஒரு மீனைக் காண்பார். அதுவே திருவாதிரை, மேனாட்டார் பீற்றல்யூஸ் என்பர். வான மத்தியகோட்டுக்கு வடக்கே அதன் விலக்கம் 7 பாகை 24 கலை. நுவரெலியாவின் அகலக்கோடு 6 பாகை 58 கலை. ஆகவே அம்மீன் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இந்நகரின் உச்சிப் புள்ளியை முழுமதியின் அகலத்திலும் குறைந்த இடைவெளியிற் கடக்கின்றது. அதே வேளையில், தெற்கு நோக்கிச் சற்றுக் கீழே, வானத்து விண்மீன்களுள் மிகப் பொலிவுடைய சிரியஸ் நிற்கும். இன்னுங் கீழே, தென் அடிவானிலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில், பொலிவில் இரண்டாவதான அகத்தியர் மீன், அதாவது கனோப்பஸ், நிற்கும். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு இனங்கள். அவற்றையே இக்கட்டுரையின் முதன்மை உதாரணங்களாகக் கொள்வோம்.

பொலிவெண்

ஒரு விண்மீனை விவரிக்கும் முதல் அளவு அதன் பொலிவு. பழங்காலக் கிரேக்க வானியலார் கண்ணுக்குப் புலப்படும் மீன்களை ஆறு தரங்களாகப் பிரித்தனர். மிகப் பொலிவுடையவை முதலாந் தரம். கண்ணுக்கு அரிதிற் புலப்படுபவை ஆறாந் தரம். எண் கூடக் கூடப் பொலிவு குறையும் இம்முறை இன்றும் நிலைத்துள்ளது. இதற்குத் திட்டமான கணித வடிவந் தந்தவர் நோர்மன் பொக்சன். முதலாந் தர மீனின் ஒளி ஆறாந் தர மீனின் ஒளியைப் போல நூறு மடங்கு எனக் கொண்டால், அடுத்தடுத்த இரு தரங்களுக்கிடையிலான விகிதம் 2.512 ஆகும் என 1856 இல் அவர் முன்மொழிந்தார். அப்பொழுது ஒக்ஸ்போர்டிற் பணியாற்றிய பொக்சன் 1861 இற் சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்று, 1891 இல் இறக்கும் வரை அங்கேயே பணிபுரிந்தார்.

இவ்வளவின்படி சிரியசின் பொலிவெண் சயம் 1.46, கனோப்பசினது சயம் 0.7, ஞாயிற்றினது சயம் 26.7. ஆயின் இவை யாவும் தோற்றப் பொலிவுகள். அருகிலுள்ள அகல்விளக்கும் தொலைவிலுள்ள வெளிச்சவீட்டு விளக்கும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றலாம். எனவே எல்லா மீன்களையும் ஒரே தொலைவில், அதாவது 32.6 ஒளியாண்டுத் தொலைவில், வைத்தாற்போலக் கணித்து, அவற்றின் தனிப் பொலிவெண்ணைப் பெறுவர். அவ்வாறு கணிக்குமிடத்து வரிசை தலைகீழாகின்றது. சிரியஸ் எம்மிலிருந்து 8.6 ஒளியாண்டுத் தொலைவிலேயே உள்ளது. அதன் உண்மை ஒளிர்வு ஞாயிற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. கனோப்பஸ் ஏறத்தாழ 310 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அதன் ஒளிர்வு ஞாயிற்றைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். கண்ணுக்கு இரண்டாவதாகத் தோன்றுவது உண்மையிற் பன்னூறு மடங்கு பெரிய விளக்காகும்.

இக்கணிப்புக்குத் தொலைவு தெரிதல் வேண்டும். புவி ஞாயிற்றைச் சுற்றும்போது அண்மை மீன்கள் தொலை மீன்களின் பின்னணியிற் சிறிது இடம்பெயர்வனபோலத் தோன்றும். இவ்விடப்பெயர்ச்சியை ஒரு விண்மீனுக்கு முதன்முதலில் நம்பத்தக்கவாறு அளந்து 1838 இல் வெளியிட்டவர் செருமானியரான பெசல். ஐரோப்பாவின் கையா என்னும் விண்கலம் 2022 இல் வெளியான தனது மூன்றாந் தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களைப் பற்றிய தரவுகளைத் தந்துள்ளது.

நிறமும் நிறமாலையும்

இரண்டாவது அளவு நிறம். கொல்லன் உலையில் இரும்பு முதலிற் செந்நிறமாகவும் பின் மஞ்சளாகவும் பின் வெண்மையாகவும் ஒளிர்வதை அனைவரும் அறிவர். விண்மீன்களிலும் அவ்வாறே: செம்மீன் வெப்பங் குறைந்தது, நீலமீன் வெப்பம் மிகுந்தது. ஒளியை அரியத்தினூடே செலுத்தி நிறமாலையாக விரித்தால், அதன் குறுக்கே கருங்கோடுகள் பல தோன்றும். ஞாயிற்று நிறமாலையில் இக்கோடுகளைப் பிரவுண்கோபர் 1814 இல் விரிவாக வரைந்தார். ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளைத் தருகின்றது எனக் கேர்க்கோபும் புன்சனும் 1859 இற் காட்டினர். அன்றிலிருந்து விண்மீனின் இரசாயனம் புவியில் இருந்தவாறே ஆராயத்தக்கதாயிற்று. 1868 ஆகத்து 18 ஆந் திகதி முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் நிலைகொண்ட பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் முதலானோர் ஞாயிற்றின் விளிம்பிற் கண்ட பிரகாசமான கோடுகளுள் ஒரு மஞ்சட் கோடு அன்று புவியில் அறியப்படாத ஈலியம் என்னும் மூலகத்தினது எனப் பின்னர் தெளிவாயிற்று.

அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்திற் பெண்கள் பலர் ஒளிப்படத் தட்டுகளிற் பதிவான நிறமாலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகுத்தனர். நிலையப் பணிப்பாளரின் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து ஆய்வுக்கு வந்த வில்லியமினா பிளெமிங், ஐதரசன் கோடுகளின் வலுவைக் கொண்டு ஆங்கில அகரவரிசையில் வகுப்புகளை அமைத்தார். அனி ஜம்ப் கனன் 1901 இல் அவற்றுட் பலவற்றைக் களைந்து, எஞ்சியவற்றை வெப்பநிலை இறங்குவரிசையில் ஒழுங்குபடுத்தினார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என எழுத்துகள் ஒழுங்கு மாறி நிற்பதன் காரணம் இதுவே. எமக்கு அறிமுகமான மீன்களை இவ்வரிசையில் வைத்துக் காண்போம்.

ஓ வகுப்பு 30,000 கெல்வினுக்கு மேற்பட்ட மேற்பரப்பு வெப்பமுடையது. இவை மிக அரியன. பி வகுப்பு 10,000 முதல் 30,000 வரை. சித்திரையும் மகமும் இவ்வகுப்பின. ஏ வகுப்பு 7,500 முதல் 10,000 வரை. சிரியஸ் இதிற் சேரும். எஃப் வகுப்பு 6,000 முதல் 7,500 வரை. கனோப்பஸ் இவ்வகுப்பின் மேலெல்லையை ஒட்டி நிற்பது. ஜி வகுப்பு 5,200 முதல் 6,000 வரை. எமது ஞாயிறு இவ்வினத்தது. கே வகுப்பு 3,700 முதல் 5,200 வரை. சோதியும் உரோகிணியும் இதற்கு உதாரணங்கள். எம் வகுப்பு 3,700 இலும் குறைந்தது. திருவாதிரையும் கேட்டையும் இதன. ஒவ்வொரு வகுப்பும் பூச்சியம் முதல் ஒன்பது வரை உட்பிரிவுகளைக் கொண்டது. ஞாயிறு ஜி வகுப்பின் இரண்டாம் உட்பிரிவில் அமைகின்றது. எம் வகுப்புக்கும் கீழே மிகக் குளிர்ந்த பொருள்களுக்கென எல், டீ, வை என்னும் வகுப்புகள் பின்னர் சேர்க்கப்பட்டன.

வேறுபாட்டின் காரணம்

சிரியசின் நிறமாலையில் ஐதரசன் கோடுகள் மிக வலுவானவை; திருவாதிரையினதில் மூலக்கூறுகளின் பட்டைகள் நிறைந்துள்ளன. அவ்வாறாயின் இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்களால் ஆனவையா? நெடுங்காலம் அவ்வாறே பலர் எண்ணினர். இம்மயக்கத்தைத் தீர்க்க வழிகாட்டியவர் மேகநாத சாகா. டாக்காவுக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றிற் சிறுகடை வைத்துப் பிழைத்த குடும்பத்திற் பிறந்த இவர், கல்கத்தாவில் ஆராய்ந்து 1920 இல் அயனாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். வெப்பநிலையும் அமுக்கமும் தெரிந்தால், ஒரு மூலகத்தின் அணுக்களுள் எத்தனை பங்கு இலத்திரனை இழந்திருக்கும் என்பதை அச்சமன்பாடு தருகின்றது. கண்ணுக்குப் புலனாகும் ஐதரசன் கோடுகள் தோன்றுவதற்கு அணுவின் இலத்திரன் இரண்டாம் சத்திமட்டத்தில் இருத்தல் வேண்டும். குளிர்ந்த மீனில் ஏறத்தாழ எல்லா இலத்திரன்களும் தாழ்ந்த மட்டத்திலேயே கிடக்கும். மிக வெப்பமான மீனில் அவை அணுவை விட்டே நீங்கிவிடும். இரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ 10,000 கெல்வினில், கோடுகள் உச்ச வலுப் பெறும். ஏ வகுப்பின் சிறப்பு இதனால் விளங்குகின்றது.

சாகாவின் சமன்பாட்டைப் பயன்படுத்தி 1925 இல் சிசிலியா பெயின் என்னும் இளம் ஆய்வாளர், விண்மீன்கள் யாவும் பெரும்பாலும் ஐதரசனாலும் அடுத்து ஈலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். அக்காலத்துப் பெரும் அறிஞர் ரசல் அதனை ஏற்கவில்லை. அவரது அழுத்தத்தினால் அம்முடிவு ஐயத்துக்குரியது எனத் தம் ஆய்வேட்டிலேயே பெயின் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளின் பின் ரசலே வேறு வழியால் அதே முடிவுக்கு வந்தார்.

தேயிலை விளையும் நாட்டினர்க்கு இது எளிதில் விளங்கத்தக்கது. 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 2,000 அடிக்கும் அதற்கும் இடையே விளைவது நடுநிலத் தேயிலை, அதற்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை என வணிகத்தில் வகுப்பர். சுவையும் நிறமும் மணமும் வேறுபடினும் செடியின் இனம் ஒன்றே. உயரமும் தட்பமும் வேறுபாட்டைத் தோற்றுவிக்கின்றன. விண்மீன்களிலும் பொருள் பெரும்பாலும் ஒன்றே. வெப்பநிலையே நிறமாலையை வேறுபடுத்துகின்றது.

பருமனும் ஒளிர்வும்

இவ்வுவமையை இன்னுமொரு படி கொண்டுசெல்லலாம். உயரத்தை மாத்திரங் கூறினாற் போதாது; சல்லடையிற் பிரிந்த தேயிலை ஓ.பி.யா, பி.ஓ.பி.யா, டஸ்டா என்பதையுங் கூறினாலன்றித் தேயிலையின் விவரம் முழுமையடையாது. அதுபோல விண்மீனுக்கும் வெப்பநிலை வகுப்பொன்றும் பருமன் வகுப்பொன்றும் வேண்டும். ஒரே எம் வகுப்பிலேயே திருவாதிரையும் உண்டு. ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனான புரொக்சிமா சென்ரோரியும் உண்டு. முன்னையதை ஞாயிற்றின் இடத்தில் வைத்தால் அது செவ்வாயின் பாதையையுங் கடந்து விரியும். பின்னையது ஞாயிற்றிலும் பன்மடங்கு சிறியது, 4.24 ஒளியாண்டுத் தொலைவிலிருந்தும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது.

ஏர்ஸ்பிரங் 1911 இலும் ரசல் 1913 இலும் வெளியிட்ட வரைபடங்களில் வெப்பநிலை ஓர் அச்சிலும் ஒளிர்வு மற்றையதிலும் குறிக்கப்பட்டன. விண்மீன்கள் அப்படத்தில் எங்கும் சிதறிக் கிடக்கவில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, வெப்பமும் ஒளிர்வும் மிக்க மூலையிலிருந்து குளிர்ந்து மங்கிய மூலைவரை செல்லும் ஒரு பட்டையில் அமைந்தன. இது முதன்மைத் தொடர் எனப்படும். அதற்கு மேலே செம்பூதங்களும் மீப்பூதங்களும், கீழே வெண்குறளிகளும் தனித்தனிக் கூட்டங்களாக நின்றன. 1943 இல் மோகன், கீனன், கெல்மன் ஆகியோர் மீப்பூதங்களை முதலாம் வகுப்பாகவும் முதன்மைத் தொடரை ஐந்தாம் வகுப்பாகவும் கொண்ட ஒளிர்வு வகைப்பாட்டை நிறுவினர். இன்று ஞாயிற்றை ஜி இரண்டு ஐந்து எனக் குறிப்பதன் பொருள் இதுவே: ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பமுடைய, முதன்மைத் தொடரைச் சேர்ந்த மீன்.

ஒளிர்வைத் தொலைவின் உதவியின்றி நிறமாலையிலிருந்தே அறிய இயலுமா? சென்னையிற் பிறந்த வைணு பாப்பு, ஒலின் வில்சனுடன் இணைந்து 1957 இல் ஒரு வழியைத் தந்தார். குளிர்ந்த மீன்களின் நிறமாலையிற் கல்சியத்தின் ஒரு கோட்டு நடுவே தோன்றும் ஒளிக்கோட்டின் அகலம், அம்மீனின் தனிப் பொலிவெண்ணுடன் நேர்த்தியான தொடர்புடையது என அவர்கள் காட்டினர். இது வில்சன்-பாப்பு விளைவு எனப்படும். தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் அவர் நிறுவிய வானாய்வு நிலையமும், அங்கு 1986 இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீற்றர்த் தொலைநோக்கியும் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன.

மாறொளி மீன்கள்

சில மீன்களின் பொலிவு நிலையானதன்று. இத்துறையிற் சென்னை வானாய்வு நிலையத்தின் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867 இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான் கூட்டத்தில் ஒரு மாறொளி மீனைக் கண்டறிந்தார். அண்மைக்கால வானியலில் இந்தியர் ஒருவர் பெயரிற் பதிவான முதற் கண்டுபிடிப்பாக இது பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கூட்டத்திற் பெயரிடப்பட்ட முதல் மாறொளி மீனாதலால் அது ஆர் என்னும் எழுத்தாற் குறிக்கப்படுகின்றது. ஏறத்தாழ 278 நாள்களுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கும் செம்பூதம் அது. இலங்கையில் முதல் வணிகத் தேயிலைத் தோட்டம் லூல்கந்துராவில் இடப்பட்டதும் அதே 1867 இலேயே. நுவரெலியாவிலிருந்து நோக்கினால் அம்மீன் தென்வானில் 20 பாகை உயரம்வரை ஏறுகின்றது. உச்சப் பொலிவின்போது இருகண் நோக்கியால் அதனைத் தேடிக் காணலாம்.

திருவாதிரையும் மாறொளி மீனே. 2019 இன் இறுதியில் மங்கத் தொடங்கிய அது, 2020 பெப்ரவரியில் வழமையான ஒளியின் பாதிக்குங் குறைவாகத் தாழ்ந்தது. அதன் வெளிப்படையிலிருந்து வீசப்பட்ட வளி குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்ததே முதன்மைக் காரணம் எனப் பின்னர் ஆய்வாளர் விளக்கினர். சாதகத்திற் பெயராக மாத்திரம் நாம் அறிந்த ஒரு மீன், வெறுங்கண்ணுக்கே புலப்படும்படி மாறிய நிகழ்வு அது.

முடிவு நிலைகள்

ஒரு மீனின் வாழ்நாளைத் தீர்மானிப்பது அதன் திணிவு. ஞாயிறு போன்றது ஏறத்தாழ ஆயிரங் கோடி ஆண்டுகள் ஐதரசனை எரிக்கும். ஓ வகுப்பு மீன் தன் பெருஞ்செல்வத்தை ஊதாரியாகச் செலவிட்டுச் சில பத்து இலட்சம் ஆண்டுகளில் அழியும். சிறு செம்மீனோ பேரண்டத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டுகளிலும் நெடுங்காலம் வாழும். எரிபொருள் தீர்ந்தபின் ஞாயிறு போன்றவை புவியளவாகச் சுருங்கி வெண்குறளிகளாகும். சிரியசின் துணைமீன் அத்தகையது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பற் பயணத்தில், வெண்குறளியின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்தார். ஞாயிற்றைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வெல்லையைக் கடந்த அகடு தன் பாரத்தைத் தாங்காது சரியும். 1935 இல் எடிங்டன் அதனைப் பலரறிய எள்ளிநகையாடினார். 1967 இற் கண்டறியப்பட்ட துடிமீன்கள் நியூத்திரன் மீன்களே எனத் தெளிந்தபோது அக்கணிப்பின் ஆழம் உலகுக்கு விளங்கிற்று. 1983 இல் நோபல் பரிசும் வந்தது. திருவாதிரையும் இறுதியில் வெடித்துச் சிதறும் இனத்தைச் சேர்ந்தது.

வகைப்பாடும் மனிதரும்

வகைப்பாடு என்பது பெயரிடும் தொழில் மாத்திரமன்று. அதன் பின்னே உழைப்பு உண்டு, அவ்வுழைப்புக்குச் சமூக நிலை உண்டு. ஹாவார்ட் பெண்கள் மணிக்குச் சில சதங்களே கூலியாகப் பெற்று இலட்சக்கணக்கான மீன்களை வகுத்தனர். இரகுநாதாச்சாரியார் உதவியாளர் என்ற நிலையிலேயே பணிபுரிந்தார். ஆயினும் பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த அவர், பழைய வாய்பாடுகளை நேர்நோக்கினாற் கண்ட அளவுகளாற் திருத்த வேண்டும் என வலியுறுத்தினார். 1874 ஆம் ஆண்டு வெள்ளி ஞாயிற்றைக் கடந்த நிகழ்வைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை எழுதினார். வாக்கியமா திருக்கணிதமா என இன்றும் வழக்காடும் எமது சமூகத்துக்கு, ஏட்டை வானம் திருத்தட்டும் என்ற அவரது நிலைப்பாடு நினைவுகூரத்தக்கது.

இன்னுமொரு தொடர்பும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம், கங்காணிமார் வழியாகப் பெருந்தொகையான மக்களை இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குத் துரத்திற்று. மழை ஏன் பொய்த்தது என்ற வினாவும் அப்பஞ்சத்தின் வழியே எழுந்தது. ஞாயிற்றின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என ஆராயும் நோக்கு, 1899 இற் கொடைக்கானலில் ஞாயிற்று ஆய்வு நிலையம் அமைவதற்குக் காரணமாயிற்று. ஒரே பஞ்சம் ஒரு மலையில் ஆய்வு நிலையத்தையும் மறு மலைகளில் லயன் வரிசைகளில் வாழ்ந்த மக்களையும் விட்டுச்சென்றது. முதலாவதில் அளவுகள் ஏடுகளிற் பதிவாயின. இரண்டாவதில் மனிதரின் நாட்கூலி செக்ரோலிற் பதிவாயிற்று.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று நான்கு தசாப்தங்களுக்கு மேலாகியும், மலையகத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்புகளும் தமிழ்மூல விஞ்ஞான ஆசிரியர்களும் தேவைக்குக் குறைவாகவே உள்ளமை யாவரும் அறிந்த குறை. அதனைத் தீர்ப்பது அரசின் கடமை. தமிழில் விஞ்ஞானத்தை எழுதுவது பல்கலைக்கழகத்தாரின் கடமை. வானியலைத் தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு தோட்டத்து மாணவி பெப்ரவரி இரவொன்றில் உச்சிவானில் திருவாதிரையையும் அதன் தெற்கே சிரியசையும் கண்டு, நிறத்தால் வெப்பத்தை உய்த்தறிந்து, இவை ஒரே பொருளின் இரு நிலைகள் எனத் தன் தோழிக்கு விளக்க முடிந்தால், அவள் அனி கனனும் சாகாவும் பெயினும் நடந்த பாதையில் முதலடி வைத்தவளாவாள். அம்மீன் அவளுடைய பொருத்தத்தைத் தீர்மானிக்கும் ஆற்றலற்றது; அவளோ அதன் வெப்பத்தையும் திணிவையும் முடிவையும் தீர்மானிக்கும் ஆற்றலுடையவள். அவ்வாற்றலை அவளுக்கு மறுக்காதிருப்பதே நாம் செய்ய வேண்டியது.